புளி போட்டுத் தேய்த்த ஹோல்டர்

பித்தளை ஹோல்டரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருவதில்லை. பல்பு மாட்டுகிற வேலைக்கென்று செய்த ஒரு சாமான், தன்னைக் கோயில் கலசம் என்று நினைத்துக்கொண்டு தொங்கும். வெளியே மினுமினுப்பு. உள்ளே ஒரு பீங்கான் வில்லை, அதில் ஸ்பிரிங் வைத்த இரண்டு ஊசி, மேலேயிருந்து அந்த ஊசிகளுக்கு இறங்குகிற இரண்டு வயர். அந்த இரண்டில் ஒன்று தோல் உரிந்து பித்தளையைத் தொட்டுவிட்டால் போதும், கலசம் முழுக்கக் கரண்ட். இதற்குப் போய் வெளித்தோலைப் பித்தளையில் செய்யலாம் என்று முதலில் யோசித்தவன் நிச்சயமாக அதைத் தன் கையால் மாட்டியிருக்க மாட்டான். ஆள் வைத்து மாட்டியிருப்பான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று தெருவில் பேர் வாங்கியவன். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கரை நிற்குமா என்று பயப்படுவேன், வராவிட்டால் நாற்று நிற்குமா என்று பயப்படுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பயப்படாதவர்கள் செய்து வைத்த வேலையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் தெரு மிராசுதாரின் நிலத்தில் இருந்தது. மூன்று தலைமுறையாக அங்கே குடியிருந்தோம். ஆனாலும் மண் தன்னுடையது, நாங்கள் தன் தயவில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் எண்ணம். அந்த நேரத்தில்தான், குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு என்றும் சர்க்கார் பேச ஆரம்பித்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க மிராசுதாருக்கு வக்கீல் தேவைப்படவில்லை. எங்கள் மண்சுவரில் சர்க்கார் மீட்டர் ஒன்று ஏறிவிட்டால், உள்ளே இருக்கிறவன் பேரும் சர்க்காரில் ஏறிவிடும். அப்புறம் அவனைக் கிளப்ப முடியாது. ஆகவே சர்க்கார் வருவதற்கு முன்னால் அவரே முந்திக்கொண்டார். தன் பம்பு செட்டிலிருந்து வயர் இழுத்து, வீட்டுக்கு ஒரு பல்பு தானமாகக் கொடுப்பதாக அறிவித்தார். மீட்டர் இல்லை, சீட்டு இல்லை, யார் பேரும் எங்கேயும் ஏறாது. வெளிச்சம் மட்டும் வரும்.

ஹோல்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மெத்தை வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்து, எல்லா அறையிலும் கறுப்பு பேக்கலைட் ஹோல்டர் போட்டிருந்தார்கள். பழைய வயரும் பழைய பித்தளை ஹோல்டர்களும் நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் கிடந்தன. அந்தச் சாக்குதான் எங்கள் தெருவுக்கு வந்தது. நூல் சுற்றிய வயர். மடக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கு மாதிரி நொறுங்கும். தன் வீட்டுக்கு ஆகாது என்று கழற்றிப் போட்டதை எங்கள் வீட்டுக்கு மாட்டிவிட்டு, அதற்கு ஒரு விழாவும் வைத்தார்.

விழாவுக்கு ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் வந்து மைக் பிடித்தார். மிராசுதார் போன தேர்தல் வரைக்கும் வேறு கரை போட்ட வேட்டி கட்டினவர். ஜெயித்தவர்கள் யார் என்று தெரிந்த மறுநாள் கரை மாறிவிட்டது. கிளைச் செயலாளருக்கு அது கண்ணில் படவில்லை. "இருளிலே இருந்த இல்லங்களுக்கு இன்று இன்ப ஒளி ஏற்றிய ஏந்தலே!" என்று அவர் ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். என் அப்பா காலத்தில் மிராசுதாரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். கூலிக்காரர் சங்கம் வந்த பிறகு 'அய்யா' வரைக்கும் இறங்கி வந்திருந்தோம். அன்றைக்குக் கை தட்டின வேகத்தைப் பார்த்தால் திரும்ப ஏறிவிடுவார்களோ என்று இருந்தது.

வயரிங் செய்தவன் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட்டு கட்டுகிறவன். குறைந்த கூலிக்கு வருவான் என்று பிடித்து வந்திருந்தார்கள். என் வீட்டில் ஹோல்டரைத் தொங்கவிட்டுவிட்டு அவன் கிளம்பும்போது நான் கேட்டேன்.

"அண்ணே, சுவிட்சு எங்க?"

"ஒனக்கு எதுக்கு சுவிட்சு? ஆறு மணிக்கு பம்பு ஷெட்டுல போடுவாங்க, ஒம்போது மணிக்கு அமத்துவாங்க. எரிஞ்சா பாரு, அணைஞ்சா படு."

"வீட்டுல ஒண்ணு இருந்தா அவசரத்துக்கு..."

"ஒம் வீட்டுல என்னய்யா அவசரம்?" என்று பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

மெத்தை வீட்டில் அந்த ஹோல்டர் கூரையிலிருந்து தொங்கியபோது ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்தில் இருந்தது. அண்ணாந்து பார்க்கலாம், தொட முடியாது. எங்கள் வீட்டிலோ நான் நிமிர்ந்து நின்றால் நெற்றிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. கையை உயர்த்தினால் பிடித்துக்கொள்ளலாம். அதுதான் பெரிய வினை ஆயிற்று.

ஏனென்றால் அது பித்தளை. எங்கள் தெருவில் மண்சட்டியும் அலுமினியக் குண்டானும்தான் புழக்கம். கல்யாணத்தில் வந்த ஒரு செம்பு மிச்சம் இருந்தால் அது வசதியான வீடு. இப்போது தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு பித்தளைச் சாமான் வந்துவிட்டது, அதுவும் நடுவீட்டில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. பெண்டுகள் விடுவார்களா? வெள்ளிக்கிழமை தோறும் செம்பைத் தேய்க்கிற மாதிரி ஹோல்டரையும் தேய்க்க ஆரம்பித்தார்கள். புளி, உப்பு, கொஞ்சம் சாம்பல். தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, மஞ்சள் தடவி ஒரு குங்குமப் பொட்டு. பத்து வீடு தள்ளி நின்று பார்த்தால்கூடப் பளபளக்க வேண்டும். பளபளக்காத வீட்டுக்காரி சோம்பேறி.

வெள்ளிக்கிழமை என்றால் என்ன? விடிந்ததும் தரையைச் சாணி போட்டு மெழுகியிருப்பார்கள், மத்தியானம் வரைக்கும் ஈரம் காயாது. தலைக்குக் குளித்திருப்பார்கள், கூந்தல் சொட்டிக்கொண்டிருக்கும். காலில் செருப்பு கிடையாது. கையில் உப்பும் புளியும் கரைந்த தண்ணீர். அந்தக் கையை உயர்த்திப் பித்தளையைப் பிடிப்பார்கள். ஒரு மனுஷியைக் கரண்ட் அடித்துக் கொல்ல வேண்டும் என்று எவனாவது யோசித்து யோசித்து ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. எங்கள் பெண்டுகள் அதைப் பக்தியோடு செய்தார்கள். என் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழாம் மாசம். ஊரில் மற்றவர்களுக்கு விளக்கு வந்த காலம் அது. எனக்கு அது, எப்போது அவளை அந்தக் கருமம் பிடித்துக்கொள்ளுமோ என்று நான் காத்திருந்த காலம்.

சில வீடுகளில் ஹோல்டர் கிள்ளியது. 'கிள்ளுது' என்றுதான் சொல்வார்கள், எறும்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சில வீடுகளில் கிள்ளவில்லை. இதற்குத் தெரு கண்டுபிடித்த காரணம், சுத்தம் இல்லாமல் தொட்டால் கிள்ளும், மனசில் கள்ளம் இருந்தால் கிள்ளும் என்பது. ஒரு மாமியார் தன் மருமகளை இதைச் சொல்லியே ஒரு மாசம் ஓட்டினாள். கிள்ளுப் பட்ட பெண்டுகள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் குணத்தின் மேல் சந்தேகம் வரும். உதறிக்கொண்டு, இரண்டு விரலில் துணியைச் சுற்றி, மறுபடி தேய்த்தார்கள். பித்தளைக்கு இவ்வளவு விசுவாசம் காட்டின ஜனங்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நான் கொஞ்ச காலம் நெல் அவிக்கிற இடத்தில் வேலை பார்த்தேன். ஈரக் காலோடு மோட்டார் அறைக்குள் நுழைகிறவனை அங்கே முதலாளி முதுகில் ஒன்று வைப்பார். பாசத்தினால் இல்லை, ஆள் மாட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதனால். நான் அங்கே கற்றுக்கொண்டது அந்தப் பயம் ஒன்றைத்தான். கிள்ளுகிறது என்று காதில் விழுந்ததும் மன்னார்குடிக்குப் போய் ஒரு டெஸ்டர் வாங்கிவந்தேன். திருப்புளி மாதிரி இருக்கும், கரண்ட் இருந்தால் அதன் வயிற்றில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரியும்.

மத்தியானம், விளக்கு அணைந்திருந்த நேரத்தில் என் வீட்டு ஹோல்டரின் பித்தளையில் அதை வைத்தேன். எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் எரிந்தது.

மில்லுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தேன். விஷயம் சாதாரணமானது. கரண்ட் வருகிற வயர் ஒன்று, திரும்பிப் போகிற வயர் ஒன்று. சுவிட்சு வருகிற வழியை அடைக்க வேண்டும். ரேடியோ செட்டுக்காரன் அதைப் போகிற வழியில் வைத்துவிட்டான். ஷெட்டில் அமத்தினால் பல்பு அணையும், அவ்வளவுதான். கரண்ட் பகல் முழுக்க ஒவ்வொரு வீட்டு ஹோல்டர் வரைக்கும் வந்து, திரும்ப வழியில்லாமல், எவளாவது கையை நீட்டுவாளா என்று உட்கார்ந்திருக்கும். எந்த வீட்டில் அந்த வயரின் ரப்பர் உதிர்ந்து பித்தளையில் பட்டிருக்கிறதோ அந்த வீட்டில் கிள்ளும். மனசில் இருக்கிற கள்ளம் அதற்குத் தெரியாது.

வீட்டில் சொன்னேன்.

"அதத் தேய்க்காத. கரண்டு இருக்கு."

"லைட்டே எரியல. கரண்டு மட்டும் எங்கேருந்து வருமாம்?"

"எரியாட்டியும் இருக்கும். இங்க பாரு, டெஸ்டர்ல செவப்பு தெரியுது."

"அதுக்குள்ள பேட்டரி போட்டு வச்சிருப்பான். எதிர்வீட்ல பளபளன்னு தொங்குது, நம்ம வீட்ல மட்டும் எழவு வீடு மாதிரி கறுத்துக் கெடக்கணுமா?"

சைக்கிள் டியூபை வெட்டி ஹோல்டரைச் சுற்றிக் கட்டினேன். மில்லில் அப்படித்தான் செய்வார்கள். நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதை அவிழ்த்து அடுப்பு மூலையில் போட்டிருந்தாள். "பாம்பு சுத்தின மாதிரி இருக்கு, கர்ப்பிணி கண்ணுல படலாமா?" என்றாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டுதான் தேய்ப்பேன் என்று ஒரு சலுகை மட்டும் கொடுத்தாள். ஈரத் துணி.

காரியஸ்தரிடம் சொன்னேன். மிராசுதாரின் பண்ணை வரவு செலவு, ஆள் அமர்த்துவது, ஷெட்டுச் சாவி எல்லாம் அவர் கையில். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் நிற்கவைத்துவிட்டுப் பேசினார்.

"அய்யா வீட்ல எத்தன வருஷமா தொங்குச்சு அது. ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சா?"

"அங்க எட்டாதுங்க. இங்க தலையில இடிக்குது."

"குனிஞ்சு நடங்க. பழக்கம்தானே?"

கிளைச் செயலாளரிடமும் சொன்னேன். டீக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நூறு வருஷ இருட்ட வெரட்டியிருக்கோம். நீ பல்பு மாட்டுற மூடியப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிற" என்றார். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர், "இவன் பொண்டாட்டிய விட்டுட்டு இவனத்தான் மொதல்ல பெத்துக்க அனுப்பணும், அவ்வளவு பயம்" என்றார். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்காவைப் பிடித்துவிட்டது. தெருவிலேயே அதிகமாகப் பளபளத்தது அவள் வீட்டு ஹோல்டர். கை அதோடு ஒட்டிக்கொண்டு, உடம்பு ஒரு உதறு உதறி, அந்த உதறலிலேயே கை விட்டு, அவள் சுவரோரம் போய் விழுந்தாள். வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்திருந்தது. உள்ளங்கையில் ஒரு கறுத்த வடு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பேச்சு வரவில்லை அவளுக்கு. பேச்சு வந்ததும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? "பித்தளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

தெரு கூடிப் பேசி, கண்ணேறு என்று முடிவு செய்தது. அதிகமாகப் பளபளத்தால் கண்ணேறு படத்தான் செய்யும். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மிராசுதார் மேல்கூட வந்ததில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டு பல்பு போய்விட்டது. பல்பு அய்யாவுடைய சொத்து, ஆகவே மாற்றுவதும் அவர் ஆள்தான். காரியஸ்தர் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பார், நாங்கள் வெளியே வருவோம். பல்புக்காக அன்றைக்கு உள்ளே வந்தார், செருப்போடு. வெள்ளிக்கிழமை, தரை மெழுகி ஈரமாக இருந்தது. என் வீட்டுக்காரி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

"காஞ்ச சாக்கு இருந்தா ஒண்ணு போடு" என்றார். போட்டேன். சாக்கின் மேல் செருப்போடு ஏறி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார். இடது கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மடித்த துண்டால் பல்பின் கண்ணாடியை மட்டும் பிடித்து, பித்தளையில் விரல் நகம்கூடப் படாமல், திருகிக் கழற்றினார். புது பல்பையும் அப்படியே மாட்டினார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவன் மாதிரி அவ்வளவு பதனம்.

என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சாக்கை விட்டு இறங்கியதும் கேட்டாள்.

"ஏங்க, துண்ட எதுக்கு மடிச்சுப் பிடிச்சீங்க?"

"பல்பு சுடும்."

"புது பல்பு எப்புடிங்க சுடும்?"

அவர் பழைய பல்பைத் துண்டில் சுற்றினார்.

"சாக்கு எதுக்குக் கேட்டீங்க?"

"தரை ஈரமா இருக்கு. வழுக்கும்."

"செருப்புதான் போட்டிருக்கீங்களே." அவள் எழுந்து வந்தாள். அந்த வயிற்றோடு எழுவது அவளுக்குச் சிரமம், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "செருப்பக் கழட்டி வச்சுட்டு, துண்டு இல்லாம, அந்தப் பித்தளைய ஒரே ஒரு தடவ தொட்டுக் காட்டுங்க. அப்பறம் எம் புருஷன் பேச்ச நான் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

காரியஸ்தர் முகம் சிவந்துவிட்டது. "செருப்பக் கழட்டவா? யாருகிட்ட பேசுற? ஓம் மாமனார் எங்க தெருவுல வந்தா செருப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டு வருவான். ஞாபகம் இருக்கட்டும்!"

வெகு நேரம் கத்தினார். தெருவே வாசலில் கூடிவிட்டது. செருப்பைப் பற்றி, காலம் கெட்டுப்போனதைப் பற்றி, சங்கத்தைப் பற்றி, யார் யாரை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றி எல்லாம் பேசினார். ஒரு விரலை நீட்டிப் பித்தளையைத் தொட்டிருந்தால் என் வீட்டுக்காரியின் வாயை அடைத்திருக்கலாம். அதை மட்டும் செய்யவில்லை. வேகவேகமாக வெளியே போனார்.

"தெரிஞ்சிருக்கு அந்த ஆளுக்கு" என்றாள் அவள். "ஆரம்பத்துலேருந்து தெரிஞ்சிருக்கு." கொட்டாங்கச்சியிலிருந்த புளியை ரசத்தில் கரைத்துவிட்டாள். நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தேய்ப்பது நின்றது. ஆனால் சனியன் அங்கேயே தொங்கியது. இருட்டில் எழுந்தால் தலையில் படும், ஈரக் கூந்தல் படும், கொடியில் துணி எடுக்கக் கை உயர்த்தினால் படும். கழற்ற வேண்டும் என்றால் ஷெட்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். கரண்ட் இருக்கும்போதே வயரை வெட்டுகிறவனைத் தைரியசாலி என்பார்கள், அவன் இருக்கிற வரைக்கும். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். காரியஸ்தரிடம் போய், கொஞ்ச நேரம் கட்டையைப் பிடுங்கி வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"அய்யா குடுத்தத வேணாம்னு கழட்டுறியா?" என்றார். "கழட்டு. அய்யா குடுத்த மனையும் வேணாமான்னு கேப்பாரு. அப்ப என்ன சொல்லுவே?"

திரும்பி வந்து வீட்டில் சொன்னேன். அவள் தலைமுடியை முடிந்துகொண்டு, "நாத்து பறிச்சாச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

குறுவை நடவு ஆரம்பித்திருந்தது. மறுநாள் நடவுக்கான நாற்று பறித்து, முடி கட்டி, வயலில் வீசியாகிவிட்டது. பறித்த நாற்று காத்திருக்காது. எட்டாம் மாசத்திலும் அவள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள், எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். மறுநாள் காலையில் தெருப் பெண்டுகள் எல்லாரும் போனார்கள். போய் வரப்பில் வரிசையாக நின்றார்கள். வயலில் கால் வைக்கவில்லை. நான் வாய்க்கால் மதகடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியஸ்தர் குடையோடு வந்தார். அவருக்கு இது பழகின விவகாரம்.

"எவ்வளவு ஏத்தணும்? சொல்லுங்க. சுருக்கமா முடிச்சுக்குவோம்."

"கூலி பத்தி யாரும் பேசலீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "பியூசு கட்டையப் பிடுங்கணும்."

"என்ன கட்டை?"

"பியூசு கட்டை. ஷெட்டுல."

காரியஸ்தர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாராவது ஆண்பிள்ளை சொல்லிக்கொடுத்துப் பின்னால் நிற்கிறானா என்று. நான் மதகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன்.

வரிசையிலேயே எல்லாருக்கும் சம்மதம் இல்லை. "அப்ப எங்க வீட்டுப் பித்தளையும் போயிடுமாக்கா?" என்று ஒரு சின்னப் பெண் முணுமுணுத்தாள். எதிர்வீட்டு அக்கா உள்ளங்கையை விரித்து அந்தக் கறுத்த வடுவைக் காட்டினாள். "வேணும்னா வச்சுக்கடி. ஆனா இனிமே ஒங்க மாமியாரத் தேய்க்கச் சொல்லு."

"அப்ப இருக்கட்டும்க்கா, நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள். வரப்பு முழுக்கச் சிரிப்பு. காரியஸ்தருக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. ஆள் அனுப்பிக் கிளைச் செயலாளரைக் கூட்டிவரச் சொன்னார்.

அவர் சைக்கிளை வரப்பில் உருட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. போராட்டம் தன் தகுதிக்கு இல்லையே என்கிற வருத்தம். "தங்கச்சி, கோரிக்கைன்னா ஒரு கௌரவம் வேணாமா? கூலி உயர்வு கேளு, குத்தகை கேளு, நான் மேல சொல்றேன். ஹோல்டருக்கு ஒரு போராட்டம்னா நான் மேல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"மேல சொல்ல வேணாம்ண்ணே. ஷெட்டுல சொன்னா போதும்."

"இதெல்லாம் சரித்திரத்துல நிக்காது, தங்கச்சி."

"சரித்திரத்துல நிக்க வேணாம். நான் எங்க வீட்டுல நிக்கணும்" என்று சொல்லி அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. நாற்று நுனி சுருள ஆரம்பித்தது. எங்கள் பெண்டுகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, நாற்றின் மேல் அவர்களுக்கு வேறு பாசம். ஒருத்தி இறங்கி, நாற்று முடிகளைத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் அமிழ்த்திவிட்டு மறுபடி வரப்பில் ஏறி நின்றாள். நடவு மட்டும் செய்யவில்லை. மெத்தை வீட்டுக்குப் போன ஆள் ஓடி வந்தான். "கருமத்தப் பிடுங்கித் தொலைன்னு அய்யா சொல்லிட்டாரு." முன்பு கூலிக்காக இரண்டு நாள் நிற்கவைத்தவர், இதற்கு அரை வேளை தாங்கவில்லை. அவர் நாற்று வாடுவதைக் கேள்விப்பட்டு இறங்கினாரா, இல்லை இப்படி ஒன்றுக்காகத் தன் வயலில் நின்றார்கள் என்று வெளியூரில் பேசுவார்களே என்று இறங்கினாரா, எனக்குத் தெரியாது. நாங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய், வயர் வெட்டுகிற குறட்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். நின்றேனே தவிர ஹோல்டர் பக்கம் போகவில்லை. பிடுங்கியிருப்பார்களா? பிடுங்கினேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால்? பிடுங்கின பிறகு, நான் வயரில் கை வைத்திருக்கும்போது எவனாவது திரும்பச் சொருகினால்? டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. சந்தோஷப்படப் போனவனுக்கு இன்னொரு நினைப்பு வந்தது. டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்? கெடவில்லை என்று எதில் வைத்துச் சோதிப்பது? தெருவில் இப்போது எங்கேயும் கரண்ட் கிடையாதே. குறட்டைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். காலில் சேறு. பின்னால் தெருக்கோடியில் காரியஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"பிடுங்கிட்டாங்களா?" என்றேன். "ஒங் கண்ணால பாத்தியா? யாராச்சும் திரும்ப மாட்டிட்டா?"

அவள் சேலை மடியை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைப் பீங்கானில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டை. ஷெட்டில் பிடுங்கிய கையோடு பியூஸ் கட்டையையே வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எவன் எதைக் கொண்டுபோய் மாட்டுவான்? இந்தா இருக்கு. இப்பத் தொடுங்க" என்றாள்.

தொட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் பித்தளை, அவள் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கின பித்தளை. குறட்டால் வயரை வெட்டினேன். அது கீழே விழுந்தபோது மேல்மூடி கழன்று, நொறுங்கின ரப்பர் தூளாகக் கொட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

அதற்குள் காரியஸ்தர் வாசலுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை.

"கட்டையக் குடு. மோட்டாரு அந்தக் கட்டையிலதான் ஓடுது. வயலுக்குத் தண்ணி வேணாமா?"

"தரேங்க. எங்க வீடு ஆச்சு, இன்னும் தெரு இருக்கு."

எதிர்வீட்டுக்குப் போனேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், அவள் மடியில் கட்டை இருப்பது தெரிந்தும் பார்த்தேன். பிறகு வெட்டினேன். அடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் டெஸ்டர், பிறகு அவள் முகம், பிறகுதான் குறடு. அவள் என் பின்னாலேயே வந்தாள். காரியஸ்தர் அவள் பின்னாலேயே வந்தார். குடை இருந்தும் வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"என்னம்மா இது, ஒரு வயர வெட்ட இவ்வளவு நேரமா?" என்று பாதித் தெருவில் கேட்டார்.

"அவரு பயந்தவரு" என்றாள் அவள், மடியை இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டே. "மெதுவாத்தான் செய்வாரு. உக்காருங்க."